அரபு கற்ற சமஸ்கிருத பண்டிதர் ஜகந்நாதர்

டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் உள்ள ஜந்தர் மந்தரைக் கட்டியவர் ராஜா ஸவாய் ஜெய்சிங் (1688-1743) என்பது பலருக்கும் தெரியும். அவருடைய அவையில் இருந்த வானியல் அறிஞர் ஜகந்நாத சாம்ராட்டைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

ஜெய்சிங்குக்கு ஒரு கவலை இருந்தது. அன்று புழக்கத்தில் இருந்த வானியல் அட்டவணைகள் சொன்ன இடத்துக்கும், வானத்தில் கோள்கள் உண்மையில் தென்பட்ட இடத்துக்கும் வித்தியாசம் இருந்தது. இதைச் சரிசெய்ய, முஸ்லிம் அறிஞர்களின் நூல்களை மூலத்திலேயே படிக்க வேண்டும் என அவர் விரும்பினார். அதற்காகவே பிராமண பண்டிதரான ஜகந்நாதர் அரபியும் ஃபார்ஸியும் கற்றார்.

அந்தக் கல்வி இரண்டு பெரிய நூல்களைத் தந்தது. ஒன்று ‘ரேகாகணிதம்’. கிரேக்க அறிஞர் யூக்ளிடின் வடிவக்கணித நூலை நஸீருத்தீன் தூஸி (1201-1274) அரபியில் செம்மைப்படுத்தியிருந்தார். அதன் 15 பாகங்களையும் ஜகந்நாதர் சமஸ்கிருதத்துக்குக் கொண்டுவந்தார். மற்றொன்று, தாலமியின் வானியல் நூலான ‘அல்மஜஸ்தி’யின் மொழிபெயர்ப்பு. இதற்கும் தூஸியின் அரபுப் பதிப்பே ஆதாரம். 9-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத்திலிருந்து அரபிக்கு வந்துவிட்ட இந்த அறிவு, 18-ஆம் நூற்றாண்டில் ராஜஸ்தானில் சமஸ்கிருதம் பேசியது.

ரேகாகணிதத்தில் கவனிக்கத்தக்க ஒரு சான்று உண்டு. அதன் வரைபடப் புள்ளிகளுக்கு ‘அ, ப, ஜ, த’ என்றே பெயர். இது சமஸ்கிருத நெடுங்கணக்கின் வரிசை அல்ல. நாம் அறிந்த அலிஃப், பே, ஜீம், தால் என்னும் ‘அப்ஜத்’ வரிசை! எடுத்த இடத்தை மறைக்க அவர் முயலவில்லை.

இந்தப் பணியில் அவர் தனி ஆளும் அல்ல. அதே அவையில் நயனசுகர் என்ற பண்டிதர், முஹம்மது ஆபித் என்பவரின் உதவியுடன் தூஸியின் மற்றொரு வானியல் நூலின் ஒரு பகுதியை மொழிபெயர்த்தார். ஜெய்சிங்கின் புதிய அட்டவணையோ ஃபார்ஸியில் எழுதப்பட்டு, முகலாய மன்னர் முஹம்மது ஷாவின் பெயரைத் தாங்கியது.

இந்திய அறிவியல் வரலாற்றை ‘உங்களுடையது, எங்களுடையது’ எனப் பிரித்துப் பேசுவோருக்கு ஜகந்நாதரின் வாழ்க்கையே பதில். நமக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. அவர் தேடிக் கற்ற மொழியின் எழுத்துகளை நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே மதரஸாவில் கற்றுவிடுகிறார்கள். ஓதக் கற்றதோடு நிறுத்தாமல் பொருள் அறிந்து படிக்கும் அளவுக்கு முன்னேறினால், தூஸியின் நூல்களை அவர்களும் மூலத்திலேயே திறக்கலாம்.