மனிதக் கட்டிகளில் நோயெதிர்ப்பு உயிரணுக்களின் வரைபடம்

மனிதப் புற்றுநோய்க் கட்டியினுள் உள்ள நோயெதிர்ப்பு உயிரணுக்களை (செல்களை) ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றின் வகையையும் நிலையையும் கண்டறிந்து பட்டியலிடும் முறை ஒற்றை உயிரணுப் பகுப்பாய்வு வழி வரைபடமாக்கல் எனப்படுகிறது. கட்டி என்பது புற்று உயிரணுக்களின் திரள் மட்டுமன்று. டி உயிரணுக்கள், பி உயிரணுக்கள், பெருவிழுங்கிகள், இரத்தக் குழாய் உயிரணுக்கள் ஆகியனவும் அதில் கலந்துள்ளன.

தேவை

முன்பு திசுத்துண்டு முழுவதையும் அரைத்தே ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டது. இதில் கிடைப்பது சராசரி அளவு மட்டுமே. வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைக் கொண்டு, எந்த மாணவர் பின்தங்கியுள்ளார் என்று கூற இயலாது. அதுபோலவே, எண்ணிக்கையில் குறைந்த உயிரணு வகைகள் சராசரியில் மறைந்துவிடும்.

செய்முறை

அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டித் துண்டிலிருந்து நொதிகளின் உதவியால் உயிரணுக்கள் தனித்தனியாகப் பிரிக்கப்படுகின்றன. பரவலாகப் பயன்படும் நுண்துளி முறையில், ஓர் உயிரணுவும் ஒரு நுண்மணியும் ஒரே நீர்த்துளிக்குள் அடைக்கப்படுகின்றன. நுண்மணியிலுள்ள டி.என்.ஏ. குறியீடு, அவ்வுயிரணுவின் தூது ஆர்.என்.ஏ.க்களிலிருந்து பெறப்படும் படிகளுக்கு அடையாளமாகிறது. எனவே எல்லாவற்றையும் ஒன்றாக வரிசைப்படுத்தினாலும், எது எந்த உயிரணுவுக்கு உரியது என்பது தெரியும். பின்னர் ஒத்த மரபணுச் செயல்பாடு கொண்ட உயிரணுக்களைக் கணினி குழுக்களாகச் சேர்க்கிறது.

முக்கிய ஆய்வுகள்

* 2016: மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் கொண்ட 19 நோயாளிகளின் 4,645 உயிரணுக்கள் ஆராயப்பட்டன. தொடர்ந்து தூண்டப்பட்டுச் செயலிழந்த "களைப்புற்ற" டி உயிரணுக்கள் நோயாளிக்கு நோயாளி வேறுபடுவது தெரிந்தது.
* 2017: சீன ஆய்வாளர்கள் கல்லீரல் புற்றுநோயாளிகள் 6 பேரின் 5,063 டி உயிரணுக்களை ஆராய்ந்து 11 உட்பிரிவுகளாகப் பிரித்தனர்.
* 2018: 8 மார்பகப் புற்றுக் கட்டிகளையும் ஒப்பீட்டுத் திசுக்களையும் கொண்டு ஏறத்தாழ 45,000 நோயெதிர்ப்பு உயிரணுக்கள் ஆராயப்பட்டன.

பயன்

டி உயிரணுக்களைக் கட்டிப்போடும் தடைகளை நீக்கும் சிகிச்சைக்கு அடித்தளமிட்ட கண்டுபிடிப்புக்காக ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவரும் 2018இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் இம்மருந்துகள் எல்லா நோயாளிகளுக்கும் பலன் தருவதில்லை. அதே ஆண்டில் 48 மெலனோமா மாதிரிகளில் நடந்த ஆய்வு இதற்கு ஒரு குறிப்பைத் தந்தது. டி.சி.எஃப்.7 என்னும் மரபணு செயல்படும் டி உயிரணுக்கள் மிகுந்திருப்பது நல்ல பலனுடன் தொடர்புடையதாக இருந்தது. யாருக்கு எம்மருந்து உதவும் என்பதை முன்கூட்டியே அறிய இத்தகைய வரைபடங்கள் வழிகாட்டக்கூடும்.

வரம்புகள்

திசுவைக் கரைக்கும்போது ஓர் உயிரணு எதன் அருகில் இருந்தது என்னும் செய்தி இழக்கப்படுகிறது. மென்மையான உயிரணுக்கள் சில அழிந்தும்விடும். எனவே திசுவைப் பிரிக்காமல் அதன் இடத்திலேயே ஆராயும் முறைகளும் இதனுடன் சேர்த்துப் பயன்படுத்தப்படுகின்றன.