உங்களுக்குத் தெரியுமா? விரியன் நஞ்சும் நன்னாரி வேரும்

சர்பத்துக்கு மணமூட்டும் நன்னாரி வேர் விரியன் நஞ்சையும் முறிக்குமா என்ற கேள்வி நாட்டு வைத்தியரின் திண்ணையோடு நின்றுவிடவில்லை. கொல்கத்தா ஆய்வாளர்கள் அவ்வேரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு கரிமச் சேர்மம், கண்ணாடி விரியன் நஞ்சால் ஆய்வக விலங்குகளுக்கு ஏற்படும் இரத்தக்கசிவையும் இறப்பையும் தடுப்பதாக 1990களில் வெளியான ஆய்வுக்கட்டுரைகள் தெரிவித்தன.

இத்தகைய சோதனைகளில் முதலில் நஞ்சின் கொல்லளவு, அதாவது செலுத்தப்பட்ட சுண்டெலிகளில் பாதியை மாய்க்கும் அளவு, கணக்கிடப்படுகிறது. பின்னர் அதனினும் சில மடங்கு நஞ்சைத் தாவரச் சாற்றுடன் சோதனைக் குழாயில் கலந்து, 37 பாகை செல்சியசில் சற்று நேரம் வைத்திருந்து, அக்கலவையைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, எத்தனை பிழைக்கின்றன என்று பார்ப்பதே வழக்கம்.

சிக்கல் அந்தக் குழாயில்தான் இருக்கிறது. பல மூலிகைகளுக்குத் துவர்ப்பைத் தரும் டானின்கள் புரதங்களைப் பற்றி வீழ்படிவாக்கக்கூடியவை. பாம்பு நஞ்சு பெரும்பாலும் புரதமே என்பதால் குழாய்க்குள் அதன் வீரியம் எளிதில் அடங்கிவிடுகிறது, கடிபட்டவர் உடலிலோ நஞ்சு திசுக்களுக்குள் பரவிய பிறகே மருந்து வந்து சேர்கிறது. ஆகவே முதலில் நஞ்சை ஏற்றி, தாமதித்து மருந்து கொடுக்கும் மீட்புச் சோதனையே கறாரானது. குதிரைகளுக்கு நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றி அவற்றின் இரத்தத்திலிருந்து பெறப்படும் நஞ்சுமுறி மருந்துக்கு மாற்றாக நன்னாரி உட்பட எந்த மூலிகையும் இதுவரை நிறுவப்படவில்லை. அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சைச் சேகரித்துத் தருவதில் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு.