தலைநகரம் இல்லாத நாய் சேகர்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருப்பவர்களுக்குப் புலிகேசி பழகிய பெயர். பக்கத்திலேயே இருக்கும் ஃப்ரேசர் டவுனின் அரசுப் பெயர் புலகேசி நகர். சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் நினைவாக வைத்தது. 2006-ல் ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’ வந்த பிறகு, அந்தப் பெயர்ப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வாதாபி நினைவுக்கு வருவதில்லை, வடிவேலுவின் முறுக்கு மீசைதான் வருகிறது.

அதே 2006-ல்தான் ‘தலைநகர’மும் வந்தது. நாய் சேகர் பிறந்தது அதில். அதனால், நீண்ட இடைவெளிக்குப் பின் வடிவேலு கதாநாயகனாக ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ 2022 டிசம்பரில் வெளியானபோது, படம் பார்க்க மட்டும் நாங்கள் போகவில்லை; ஊருக்குத் திரும்பி வரும் தாய்மாமனை அழைத்துவர ரயிலடிக்குப் போவதுபோலப் போனோம். 24ம் புலிகேசி படப்பிடிப்பிலேயே முடங்கி, தயாரிப்புத் தரப்போடு தகராறாகி, அவர் திரையில் இல்லாமல் கழிந்த ஆண்டுகள் அப்படி. மீம்களில் மட்டுமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

படம் ஏமாற்றிவிட்டது. சிரிப்பு வராததைவிட, சிரிக்கத் தயாராக வந்தவர்கள் மௌனமாக உட்கார்ந்திருந்ததுதான் வலித்தது.

இயக்குநர் சுராஜ், நடிகர் வடிவேலு, பாத்திரத்தின் பெயர் நாய் சேகர், மூன்றும் பழையவையே. பிறகு எது போனது? ‘தலைநகர’த்தில் சேகரைச் சுற்றி நிஜ ரவுடிகள் இருந்தார்கள். சுந்தர்.சி நடித்த ரைட்டின் உலகம் அது. அங்கே வெட்டினால் ரத்தம் வரும். அந்தப் பயங்கரத்துக்கு நடுவே, தன்னையும் ரவுடியாக ஒப்புக்கொள்ளும்படி ஒருவன் போலீஸ் ஜீப்பில் வலியப்போய் ஏறுகிறான். அவன் கெஞ்சலில் ஒரு தவிப்பு இருந்தது. ‘நானும் ரவுடிதான்’ என்ற அந்த வசனமே 2015-ல் விஜய் சேதுபதி படத்துக்குத் தலைப்பானது. வடிவேலுவின் நகைச்சுவைக்கு எப்போதும் மசியாத உலகம் ஒன்று எதிரில் நிற்க வேண்டும். புதிய படத்தில் சேகர் நாய்களைக் கடத்திப் பணம் கேட்பவன். ராசியான நாய், அதைத் தேடி ஹைதராபாத் என்று கதை ஓடுகிறது. ஆனந்தராஜின் தாதாவும் சிரிக்க வைக்கவே வருகிறார். எல்லோரும் கோமாளிகளாக இருக்கும் ஊரில் சேகர் யாரைப் பார்த்துப் பயப்படுவான்?

புலிகேசிக்கு இந்தக் குறை இல்லை. கட்டுமஸ்தான உடம்பில் தன் முகத்தை வரையச் சொல்லும் அந்த மன்னனைச் சுற்றி, இயக்குநர் சிம்புதேவன் வெள்ளைக்காரனையும் வாடும் குடிமக்களையும் வைத்திருந்தார். அங்கே கதைதான் ராஜா.

2023 ஜூனில் ‘தலைநகரம் 2’ வந்தது. அதில் சுந்தர்.சி இருந்தார், சேகர் இல்லை. அதே மாதம் ‘மாமன்ன’னும் வந்தது. மகனுக்கு முன்னால் நாற்காலி மறுக்கப்பட்ட ஒரு தகப்பனாக வடிவேலு நின்றார், ஒரு நகைச்சுவைக் காட்சிகூட இல்லாமல். அவரை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.