வலையைக் கொஞ்சம் இறக்குங்கள்

இலங்கையின் தேசிய விளையாட்டு கரப்பந்தாட்டம். 1991 ஆம் ஆண்டு அப்படி அறிவிக்கப்பட்டது. அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1916 இல், கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாக இந்த ஆட்டம் தீவுக்கு வந்து, பிறகு கிராமங்களில் ஆழமாக வேரூன்றியது. மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் அதைக் காணலாம். எழுவான்கரையில் கல்லடி முதல் களுவாஞ்சிகுடி வரையும், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கங்களிலும், வெயில் தணிந்ததும் ஏதாவதொரு வெற்றுத் தரையில் வலை ஏறிவிடும். ஆடுபவர்கள் இளைஞர்கள். அதே நேரத்தில் பெண்பிள்ளைகள் மேலதிக வகுப்பு முடிந்து சைக்கிளில் அந்த இடத்தைக் கடந்து வீட்டுக்குப் போகிறார்கள். தேசிய விளையாட்டு என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, தேசத்தின் பாதியை வேலிக்கு வெளியே நிறுத்துவது சரியல்ல. இந்தக் கிராமங்களில் பெண்பிள்ளைகளுக்கெனத் தனியான கரப்பந்தாட்டக் கழகங்கள் வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பிள்ளைகள் அவற்றில் சேர வேண்டும் என்பதே என் வாதம்.

பாடசாலையில் அணி இருக்கிறதே, பிறகெதற்குக் கழகம் என்று கேட்பார்கள். பாடசாலை அணி போட்டிக்காகக் கூடுவது. வலயத்திலிருந்து கடிதம் வரும், பன்னிரண்டு பேரைத் தெரிவு செய்வார்கள், சில வாரங்கள் பயிற்சி நடக்கும். தோற்றால் பந்து அலுமாரிக்குள் போய்விடும். வென்றால் மாகாண மட்டம் வரை இன்னும் சில வாரங்கள் நீளும். உயரம் குறைந்தவள், கூச்சப்படுபவள், முதல் பந்தைத் தவறவிட்டவள் ஆகியோர் அந்தப் பன்னிரண்டு பேருக்குள் ஒருபோதும் வருவதில்லை. வந்தவளுக்கும் சாதாரண தரப் பரீட்சையோ உயர்தரப் பரீட்சையோ முடிந்த நாளோடு ஆட்டம் முடிகிறது. பாடசாலையை விட்டு வெளியேறும் பையனை ஊர் விளையாட்டுக் கழகம் ஏற்றுக்கொள்கிறது. அவன் தங்கையை ஏற்க ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 11 முதல் 17 வயது வரையான பெண்பிள்ளைகளில் 85 சதவீதத்தினருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. ஆண்பிள்ளைகளில் 78 சதவீதத்தினருக்கு இல்லை. ஆக, பையன்களின் நிலையும் மோசம்தான். ஆனால் பள்ளிப் பருவத்துக்குப் பிறகும் ஓடியாட ஓரிடம் அவர்களுக்காவது இருக்கிறது. கழகத்தின் பயன் அங்கேதான். திறமை பார்த்துத் தெரிவு செய்யாமல் வருகிற எல்லாரையும் சேர்த்துக்கொள்வதும், வயது கடந்தாலும் வெளியே அனுப்பாமல் இருப்பதும் கழகத்தால் மட்டுமே முடியும்.

உடலைப் பழக்குவது இந்தக் கரையோரத்தில் வெறும் பொழுதுபோக்கு அல்ல. 2004 டிசெம்பர் 26 அன்று நாவலடியையும் கல்லடியையும் கடல் மூடியபோது ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக மாண்டார்கள். 2005 மார்ச்சில் ஒக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கை இதற்கான காரணங்களில் ஒன்றை நேராகச் சொன்னது: இலங்கையில் நீந்தவும் மரமேறவும் பழக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். கையில் குழந்தை இருந்ததும், உடுத்த சேலை காலைச் சுற்றியதும், அந்த நேரத்தில் எங்கே நின்றார்கள் என்பதும் மற்றக் காரணங்கள். கரப்பந்தாட்டம் யாருக்கும் நீச்சல் கற்றுத்தராது. அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் ஓடு, குதி, விழு, எழும்பு என்று வாரத்தில் இரண்டு நாள் பழகிய உடலுக்கும், ஓடாதே, குதிக்காதே என்று கேட்டே வளர்ந்த உடலுக்கும் வேறுபாடு உண்டு. அடக்கம் என்ற பெயரில் உடல் அசைவையே ஒடுக்கி வளர்ப்பதற்கு இந்த மண் பெரும் விலை கொடுத்திருக்கிறது. இருபது ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த வளர்ப்பை நாம் மாற்றிக்கொள்ளவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

ஏன் கரப்பந்து, பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம் இருக்கிறதே என்ற கேள்வி நியாயமானது. வலைப்பந்தாட்டத்தில் நம் பெண்கள் சாதித்ததற்குத் தர்ஜினி சிவலிங்கம் ஒருவரே போதும். யாழ்ப்பாணத்து ஈவினையில் பிறந்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து, 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணிகளில் ஆடியவர் அவர். அந்த ஆட்டத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு கிராமத்தில் புதிதாகக் கழகம் தொடங்குபவர், ஊரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கரப்பந்துக்குத் தரை இருக்கிறது, கம்பம் இருக்கிறது, சட்டம் தெரிந்த நடுவர் இருக்கிறார், பந்தை உயர்த்திக் கொடுக்கவும் அறையவும் சொல்லித்தரக்கூடிய பழைய ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். ஆடுகளத்துக்கு வேண்டியது 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும். நம் மணல் தரையில் விழுந்தாலும் முழங்கால் பெரிதாகச் சிராய்க்காது. ஆண்களுக்கான வலையின் உயரம் 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர், புதிதாய்ச் செய்ய வேண்டியது அதை 19 சென்ரிமீற்றர் இறக்குவது மட்டுமே. சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் இறக்கலாம். இரு அணிகளுக்கும் நடுவே வலை நிற்பதால் மோதலும் இழுபறியும் இல்லை. மகள் அடிபட்டு வருவாளோ என்று அஞ்சும் தாய்க்கு இது பெரிய ஆறுதல். இன்னொன்றும் உண்டு. எதிரணியிடமிருந்து பந்து பணிக்கும் முறையைப் பெறும்போதெல்லாம் ஆறு பேரும் ஓரிடம் சுழல வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் சட்டம். பின்வரிசையில் ஒதுங்கி நின்று காலம் கடத்த முடியாது. கூச்சக்காரியும் ஒரு கட்டத்தில் கோட்டுக்குப் பின்னால் தனியே நின்று, எல்லோரும் பார்க்கப் பந்தைப் பணித்தே ஆக வேண்டும். வகுப்பில் கையுயர்த்தத் தயங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பழக்கம் எனக்குத் தோன்றவில்லை.

கலியாணம் கட்டினால் போய்விடுவாள், பயிற்சி கொடுத்து என்ன பயன் என்ற பேச்சு மற்ற ஊர்களில் எடுபடலாம். மட்டக்களப்பில் அது பொருந்தாது. இங்கே குடிவழி தாய்வழி. வீடு மகளுக்குப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து எழுதிய வழக்கம் இது. இதன் பயனை நம் விளையாட்டுத் துறையில் யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஊரை விட்டுப் போகக்கூடியவன் பையன், தங்குபவள் பெண். அப்படியானால் ஒரு கிராமம் நீண்டகாலத்துக்கு யாரை நம்பிக் கழகம் கட்டலாம்? பதின்மூன்றில் சேர்ந்தவள் இருபத்தெட்டில் இரண்டு தெரு தள்ளித்தான் இருப்பாள். அவளே அடுத்த தலைமுறைக்குப் பயிற்றுவிப்பாளராகலாம், நடுவராகலாம், சந்தா திரட்டும் பொருளாளராகலாம். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டுதான். திரும்பி வருபவர்களுக்கும் வீட்டுக்கு வெளியே ஒரு கூட்டம் தேவை.

படிப்பு கெடும் என்பதே வீடுகளில் முதலில் எழும் மறுப்பு. இதற்குச் சிலர் விளையாட்டால் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும், வேலை கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள். அப்படி ஆசை காட்டுவது தவறு. விசேட திறமையுள்ளோருக்கான அனுமதி ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அது மிகச் சிலருக்கு. படையணிகளும் பொலிசும் பெண்கள் அணிகளை வைத்திருக்கின்றன, அதுவும் சிலருக்கே. நேபாளம் 2017 இல் கரப்பந்தாட்டத்தைத் தேசிய விளையாட்டாக அறிவித்து, 2019 தெற்காசிய விளையாட்டு விழாவில் பெண்கள் அணியால் வெள்ளி வென்றது. அங்கும் பொலிஸ், இராணுவக் கழகங்கள் வீராங்கனைகளுக்குச் சம்பளம் கொடுக்கின்றன. நல்ல செய்திதான். ஆனாலும் கொக்கட்டிச்சோலைப் பிள்ளை கழகத்தில் சேர வேண்டியது அதற்காக அல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பான் பெண்களில் பெரும்பாலோர் ஒரே நெசவாலைக் கழகத்தினர். வேலை முடித்து நள்ளிரவு தாண்டியும் அவர்களை வாட்டிய பயிற்சியை நான் முன்மாதிரியாகக் காட்ட மாட்டேன். வாரத்தில் இரண்டு மாலை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் போதும். புலமைப்பரிசில் பரீட்சை தொட்டே மேலதிக வகுப்பு வகுப்பாக ஓடும் பிள்ளைக்கு அந்த மூன்று மணி நேரத்தைத் தர மறுக்கும் கல்வியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பாதுகாப்புப் பற்றிய அச்சம் இவை எல்லாவற்றையும் விட வலுவானது. அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிடக் கூடாது. போர்க்காலத்தில் பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருந்த தாய்க்குக் காரணம் இருந்தது. பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம் வெறும் கற்பனை அல்ல. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் வாவியைக் கடக்கப் படகுப் பாதையை நம்பியிருந்த கிராமங்களில், பொழுது சாய்ந்தால் பெண்பிள்ளை வெளியே நிற்பது ஆபத்து என்றே எல்லோரும் வளர்ந்தார்கள். இன்றைய பயம் வேறு: இருட்டு வீதி, கேலி, பயிற்சி என்ற பெயரில் நடக்கக்கூடிய சீண்டல். ஆகவே கழகம் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். பொழுதுபடுமுன் முடிய வேண்டும். பயிற்றுவிப்பாளர் ஆணாக இருந்தால் வளர்ந்த பெண்கள் இருவர் எப்போதும் மைதானத்தில் இருக்க வேண்டும், எந்தப் பிள்ளையும் அவரோடு தனியே பயணம் போகக் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். இவற்றை எழுதி வைத்துப் பெற்றோரிடம் கொடுக்காத கழகத்தில் மகளைச் சேர்க்க வேண்டாம் என்றே நானும் சொல்வேன். உடை பற்றிய கவலைக்கு விடை எளிது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்தியப் பெண்கள் நீண்ட கையும் நீண்ட காற்சட்டையும் அணிந்தே கடற்கரைக் கரப்பந்து ஆடினார்கள். அவர்களில் ஒருவர் தலையை மூடியிருந்தார். காத்தான்குடிப் பிள்ளையும் ஆரையம்பதிப் பிள்ளையும் தத்தமக்கு ஏற்ற உடையில் ஒரே வலைக்கு இரு புறமும் நிற்கலாம். வெயிலில் கறுத்துப்போவாள் என்ற பேச்சுக்கு மட்டும் நான் மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

பெண்பிள்ளைகளுக்கே ஆர்வமில்லை என்று சில கழகக்காரர்கள் சொல்வதுண்டு. அமெரிக்காவிலும் அப்படித்தான் சொன்னார்கள். 1972 இல் கல்வியில் பால் வேறுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தபோது அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய மாணவிகள் 3 இலட்சத்துக்கும் குறைவு. இன்று 30 இலட்சத்துக்கும் மேல். இடம் கிடைத்த பிறகுதான் ஆர்வம் வெளியே தெரிந்தது. நமக்கு அருகில், இதே கிழக்குக் கரையில், அறுகம்பையில் 2018 இல் பெண்களுக்கென அலைச்சறுக்குக் கழகம் தொடங்கியபோது, நாட்டிலேயே அதுதான் முதலாவது. கடலுக்குள் இறங்கும் அந்த ஆட்டத்துக்கே பெண்கள் வந்தார்கள் என்றால், ஊர் மைதானத்துக்கு ஏன் வரமாட்டார்கள்? இளைஞர் சேவைகள் மன்றத்தின் இளைஞர் கழகங்கள் இருபாலாருக்கும் உரியவை என்பது உண்மை. ஆனால் சிரமதானத்துக்கும் கலைவிழாவுக்கும் பெண்களை அழைக்கும் கழகம், மைதானத்தை மட்டும் ஆண்களிடமே விட்டுவிடுகிறது. அதனால்தான் தனிக் கழகம் கேட்கிறேன். அதை நடத்தப் பொருத்தமானவை கிராமங்களில் ஏற்கெனவே இயங்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள். பதிவு முறைகளைப் பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம். மாரி மழை ஓய்ந்து தரை காய்ந்ததும் தொடங்க இரண்டு பந்துகளும் இருபது பிள்ளைகளும் போதும். அதற்கு முன் ஆண்கள் கழகம் தன் பொதுக்கூட்டத்தில் செவ்வாயும் சனியும் மைதானம் பெண்பிள்ளைகளுக்கு என்று தீர்மானம் எடுத்து, அதைக் கூட்டறிக்கைப் புத்தகத்தில் எழுதித் தலைவரும் செயலாளரும் கையொப்பமிட வேண்டும்.