உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப்

உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப் ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் 17 நாள் நடக்கிறது. ஆனால் அந்த ஆட்டத்தின் விதிகள் முறையாக எழுதப்பட்டது உதகமண்டலத்தில். 1875இல் ஜபல்பூர் படைமுகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, அங்கு ஏற்கெனவே ஆடிவந்த பில்லியர்ட்ஸ் வகை ஆட்டம் ஒன்றில் வண்ணப் பந்துகளைச் சேர்த்தார். பின்பு சென்னைப் படைத் தளபதியிடம் பணியாற்ற வந்தார். கோடையில் அந்தப் படையின் தலைமையகம் உதகைக்கு இடம் மாறும். அங்குள்ள ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் 1882இல் ஸ்னூக்கர் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர்.

மேசை சுமார் 12 அடி நீளம், 6 அடி அகலம். கற்பலகையின் மேல் பச்சைக் கம்பளித் துணி இழுத்துப் பொருத்தப்பட்டிருக்கும். ஆறு குழிகள், 22 பந்துகள். சிவப்புப் பந்துகள் 15. ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. மீதமுள்ள வெள்ளைப் பந்தை மட்டுமே கோலால் அடிக்கலாம். மற்றவற்றை அதைக் கொண்டுதான் குழியில் தள்ள வேண்டும்.

கேரம் ஆடியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: வெள்ளைப் பந்துதான் ஸ்ட்ரைக்கர். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கேரமில் ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரைக்கரை எடுத்துக் கோட்டில் வைத்துக்கொள்ளலாம். இங்கே வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. எனவே ஒரு பந்தைத் தள்ளும்போதே அடுத்த பந்துக்கு வாகாக வெள்ளையை நிறுத்தத் தெரிய வேண்டும். ஸ்னூக்கரின் உயிர் அதில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு சிவப்பு, அடுத்து ஒரு வண்ணம், மறுபடி சிவப்பு என்று ஆட வேண்டும். விழுந்த சிவப்பு திரும்பாது; வண்ணப் பந்தை நடுவர் எடுத்து அதன் இடத்தில் வைப்பார். சிவப்புகள் தீர்ந்தபின் மஞ்சள் முதல் கறுப்பு வரை வரிசையாகத் தள்ள வேண்டும். குறி தவறினால் ஆட்டம் எதிராளி கைக்குப் போகும். ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னும் கறுப்பையே தள்ளினால் 15 முறை 8, அதாவது 120. கடைசி ஆறு பந்துகளுக்கு 27. மொத்தம் 147. இந்த எண்ணிக்கையை உலக சாம்பியன்ஷிப்பில் முதலில் எட்டியவர் கனடாவின் கிளிஃப் தார்பர்ன், 1983இல். பக்கத்து மேசையில் ஆடிக்கொண்டிருந்த பில் வெர்பெனியுக் தன் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தடுப்புக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தார். 1997இல் ரானி ஓ'சல்லிவன் அதே 147ஐ ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தார்.

தள்ள வாய்ப்பில்லாதபோது எதிராளியை முடக்கலாம். அவர் அடிக்க வேண்டிய பந்துக்கு வெள்ளை நேராகப் போக முடியாதபடி இடையில் வேறொரு பந்து நின்றால், அவர் ‘ஸ்னூக்கர்’ ஆகிவிட்டார். பெரும்பாலும் மேசை விளிம்பில் மோதவிட்டுத்தான் அவர் குறியைத் தொட வேண்டும். தவறினால் குறைந்தது 4 புள்ளி எதிராளிக்குச் சேரும்.

பந்துகளை அடுக்கி ஆடி முடிக்கும் ஒரு சுற்றுக்கு ஃபிரேம் என்று பெயர். உலகப் போட்டியில் 32 பேர் மோதுகிறார்கள். முன்னணி ஆட்டக்காரர்கள் 16 பேருக்கு நேரடி இடம். மற்ற 16 பேர் தகுதிச் சுற்றில் வென்று வருபவர்கள். முதல் சுற்றில் 10 ஃபிரேம்கள் வென்றவர் முன்னேறுவார். அடுத்த சுற்றிலும் காலிறுதியிலும் 13, அரையிறுதியில் 17, இறுதியில் 18. ஆக, கோப்பையைத் தூக்க 71 ஃபிரேம்கள் வெல்ல வேண்டும். இறுதியாட்டம் இரண்டு நாள் நடக்கும். எதிராளி புள்ளி சேர்க்கும் நேரமெல்லாம் மற்றவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கைத்திறனைவிடப் பொறுமைக்கு அது கடினமான சோதனை.

முதல் போட்டியின் இறுதியாட்டம் 1927இல் பர்மிங்ஹாமில் நடந்தது. அதில் வென்ற ஜோ டேவிஸ் 1946 வரை 15 முறை பட்டம் பெற்றார். 1977 முதல் போட்டி ஷெஃபீல்டின் குரூசிபிள் நாடக அரங்கில் நடக்கிறது. ஆயிரம் பேர்கூட உட்கார முடியாத சிறிய அரங்கு அது. ஸ்டீபன் ஹென்ட்ரியும் ஓ'சல்லிவனும் அங்கு ஏழு முறை வென்றவர்கள். 2025இல் சீனாவின் ஜாவ் ஷின்டாங் பட்டம் வென்ற முதல் ஆசியரானார்.

தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாதவர்களுக்கான உலகப் பட்டம் தனி. அதை 1984இல் ஓம் அகர்வாலும் 2003இல் பங்கஜ் அத்வானியும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.