புதிய காரா, பழைய காரா?

வீடு வளவுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பத்தின் சேமிப்பை ஒரே மூச்சில் விழுங்கிவிடக்கூடியது மோட்டார் கார் ஒன்றேயாகும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பாட்டியாரை மாதந்தோறும் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது, முச்சக்கர வண்டியோ, நெடுநாட் பழகிய சின்னஞ்சிறு காரோ இனிப் போதாது. இந்நிலையில் கண்டி நகரத்து இல்லங்கள் பலவற்றில் இராப்போசன வேளையில் ஒரு வழக்கு விசாரணைக்கு வருகிறது. புதியதை வாங்குவதா, பிறர் ஓட்டியதை வாங்குவதா என்பதே அது.

நம் நாட்டில் இவ்வழக்குக்குக் கட்சிகள் இரண்டல்ல, மூன்று. முற்றிலும் புதிய கார் ஒன்று. யப்பானில் சில காலம் ஓடிக் கப்பலேறி வந்து, இங்கே இன்னும் பதிவாகாத 'ரீகண்டிஷன்' கார் மற்றொன்று. இந்நாட்டிலேயே பதிவாகி நம்மவர் கையில் உழைத்த கார் மூன்றாவது. 'ரீகண்டிஷன்' என்னும் பெயரே ஒரு மயக்கம். பழுது நீக்கிப் புதுக்கப்பட்டது என்பது அச்சொல்லின் பொருள். உண்மையிலோ, கழுவித் துடைத்து மெருகிட்டதற்கு மேல் ஒன்றும் செய்யப்படாத கார்களும் அப்பெயரால் விற்பனையாகின்றன.

பழைய பொருள் விலை குறையும் என்பது உலக நியதி. அந்நியச் செலாவணி முடையினால் 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது அந்நியதி இங்கே தலைகீழாயிற்று. ஐந்தாறு ஆண்டு ஓடிய சிறு கார்கள் தாம் புதிதாயிருந்தபோது பெற்ற விலையையும் தாண்டி விற்பனையாயின. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது. ஆயினும் வரிச்சுமையினால் புதியதன் விலை நடுத்தரக் குடும்பத்தாரின் கைக்கு எட்டாததாகவே இருக்கிறது. இது நமக்குப் புதிதுமன்று. 1977க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலே மொறிஸ் மைனர்களைத் தட்டியும் ஒட்டியும் தலைமுறை கடந்து ஓட்டிய நாடல்லவா இது!

ஆகவே, பெரும்பாலோர்க்குப் பழையதே கதி. அதில் உள்ள இடர்ப்பாட்டை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜோர்ஜ் அக்கலொவ் 1970இல் ஒரு கட்டுரையில் அழகாக எடுத்துக் காட்டினார். காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் அஞ்சி நடுத்தர விலையே சொல்வான். நல்ல காரை உடையவன் அவ்விலைக்கு இசையாமல் சந்தையை விட்டு விலகுவான். சொத்தைக் கார்களே எஞ்சும். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தற்குக் காரணமான ஆராய்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

இந்த அறியாமையைப் போக்கிக்கொள்ள நம்மூரில் இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று, ஊர் சிறிது. பேராதனையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ ஒரு கார் பத்தாண்டு ஓடியதென்றால், அதை யார் ஓட்டினார், எந்த கராஜில் விட்டார் என்று அறிந்தவர் அயலிலேயே இருப்பர். அந்த கராஜ் பாஸைக் கண்டு பேசுவது, மீற்றர் காட்டும் கிலோமீற்றர்க் கணக்கை நம்புவதிலும் மேலானது. அக்கணக்கைத் திருப்பி வைக்கக் கற்றவர்கள் எந்நாட்டிலும் உளர்.

மற்றையது நம் மலைகள். கொழும்பின் சமதரையில் சமர்த்தாக ஓடும் கார், ஹந்தானை ஏற்றத்தில் தன் சுயரூபத்தைக் காட்டிவிடும். குடும்பத்தார் நால்வரையும் ஏற்றிக்கொண்டு, குளிரூட்டியையும் இயக்கி, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையிலேயே புறப்படுக. வெப்பமானி மேலேறுகிறதா, கியர் மாறும்போது உதறுகிறதா, பின்னால் நீலப்புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். நீலப்புகையானால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது என்று பொருள். இறங்கும்போது பிரேக் மிதித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கலாகாது. இப்பரீட்சைக்கு உடன்படாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டுவதில்லை.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களை விரும்புவோர் அவற்றின் பெரிய பற்றரியைத் தனியே சோதிப்பித்தல் வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் வலு குன்றும். மாற்றுவதோ இலட்சக்கணக்கில் செலவு. பின்னாசனத்தருகே அதற்குக் காற்றுச் செல்லும் துவாரத்தைத் தூசு அடைத்துக்கொண்டால் அழிவு விரைவுபடும். எரிபொருளில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மகாவலி பெருகிக் கம்பளை முதலிய இடங்களில் வெள்ளம் புகுந்ததை யாவரும் அறிவர். வெள்ளத்தில் நின்ற கார் வெளிப்பார்வைக்குப் பளபளப்பாகவே இருக்கும். உள்ளே மின்கம்பிகள் அரித்துக்கொண்டிருக்கும். ஆசனப் பட்டியை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறையைக் கழுவுபவர்கள் பெரும்பாலும் அவ்விடத்தை மறந்துவிடுகிறார்கள்.

பதிவுப் புத்தகத்தை வாசிப்பதும் இன்றியமையாதது. முன்னைய உரிமையாளர் எத்தனை பேர்? லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் அதில் இருக்கிறதா? இருந்தால், கடன் தீர்ந்து அப்பெயர் நீங்கும்வரை பணத்தை முழுமையாகக் கொடுத்துவிடலாகாது.

நம்மைக் கேட்டால், கடனின்றி வாங்கும் ஆற்றலும் பதினைந்து ஆண்டு வைத்தோட்டும் எண்ணமும் உள்ளவர்க்கே புதிய கார் தகும். லீசிங் எடுத்தே புதியதை வாங்க வேண்டியவர்கள், மாதத் தவணையைச் சம்பளத்தோடு மட்டுமன்றிப் பிள்ளைகளின் படிப்புச் செலவோடும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். மற்றையோர், வரலாறு தெரிந்த பழைய காரை வாங்கி, கையிருப்பில் பத்திலொரு பங்கையேனும் முதலாண்டுப் பழுதுகளுக்கென ஒதுக்கி வைத்தல் நன்று. ரயர் நான்கும் பிரேக்கும் அதைத் தாமே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

முச்சக்கர வண்டி இருந்தால் அதனை உடனே விற்றுவிட வேண்டா. கார் கராஜில் நிற்கும் நாளில் பாட்டியார் வைத்தியரிடம் போக வேண்டுமே!