நேர் ஹேண்டில்பார்: முழு விலையை முதலில் சொல்வோம்

சைக்கிள் கடை நடத்தும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. கிராவல் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரைக் கழற்றி நேர் பார் மாட்டச் சொல்லும் வாடிக்கையாளரிடம் பாருக்கு மட்டும் விலை சொல்லிவிடக் கூடாது.

நடுவில் ஸ்டெம் பிடிக்கும் இடம் பெரும்பாலும் இரண்டிலும் 31.8 மி.மீ.; பார் பொருந்திவிடும். கைப்பிடிப் பகுதியோ வளைந்ததில் 23.8, நேர் பாரில் 22.2 மி.மீ. ஆகவே பழைய பிரேக், கியர் லீவர்கள் பயன்படா.

கேபிள் டிஸ்க் பிரேக்கானால் இன்னும் கவனம் தேவை. ரோடு வகைக் காலிப்பருக்கு வி-பிரேக் லீவர் மாட்டினால் கேபிள் அதிகம் இழுபடும். பிரேக்கின் பலம் குறையும். இது உயிர் விஷயம். கியர் லீவரும் டிரெயிலருக்கு ஒத்ததாக வேண்டும்.

லீவர், கேபிள், கூலி அனைத்தையும் சேர்த்து முன்பே எழுதிக் கொடுப்போம். மளிகையானாலும் சைக்கிளானாலும், பிறகு கூட்டிக் கேட்கும் விலை வாடிக்கையாளரை இழக்கச் செய்யும்.